அடைக்கோழியிடம் குஞ்சு சேர்த்தல்

அடைக்கோழியிடம் குஞ்சு சேர்த்தல் என்பது, அடையில் அமர்ந்துள்ள பெட்டைக் கோழி ஒன்று தான் பொரிக்காத குஞ்சுகளையும் தன் குஞ்சுகளாக ஏற்று வளர்க்கும்படி செய்யும் முறையாகும். தாயை இழந்த குஞ்சுகள், பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுகள், வேறொரு கோழி பொரித்த குஞ்சுகள் ஆகியன இவ்வாறு சேர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அடைகாத்தலுக்கு அவயம் என்ற பெயரும் உண்டு. முட்டைகளைக் கோழியின் அடியில் வைப்பது 'அவயத்துக்கு வைத்தல்' அல்லது 'அடை வைத்தல்' எனப்படும்.

அடைக்குணம்

நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் ஏறத்தாழ 10 முதல் 15 முட்டைகள் இட்டபின் முட்டையிடுவதை நிறுத்தி, அவற்றின் மீது அமரத் தொடங்கும். மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி சுரக்கும் புரோலாக்டின் என்னும் இயக்குநீரின் அளவு உயர்வதே இதற்குக் காரணம். அடைக்கோழியின் வயிற்றுப்பகுதி இறகுகள் உதிர்ந்து தோல் வெளிப்படும். அத்தோலின் சூடு முட்டைகளுக்கு நேரடியாகச் செல்லும். கோழிமுட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். இக்காலத்தில் கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை மட்டுமே இரைக்கும் நீருக்கும் எழும், உடல் மெலியும்.

முட்டைக்காக வளர்க்கப்படும் வெள்ளை லெகான் போன்ற இனங்களில் அடைக்குணம் தெரிவினப்பெருக்கத்தால் பெருமளவு நீக்கப்பட்டுவிட்டது. எனவே குஞ்சு சேர்ப்பதற்கு நாட்டுக்கோழிகளே ஏற்றவை. தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை என வழங்கும் இருவகைக் கோழிகளும் அடைகாப்பவை. இவற்றுள் சிறுவிடை உடல் எடை குறைந்தது. ஆதலால் முட்டையையும் குஞ்சையும் மிதித்து நசுக்குவது குறைவு. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்பது பழமொழி. ஆயினும் இடம் குறுகலாக இருந்தால், கனமான கோழியின் காலடியில் முதல்நாள் குஞ்சுகள் இறப்பதுண்டு.

தேவை

மதுரை நகரின் வடமேற்கிலுள்ள ஆனையூர், 2011 இல் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இத்தகைய புறநகர்களிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் வீட்டுக் கொல்லையில் சில கோழிகள் மட்டும் வளர்ப்போர் உளர். நான்கைந்து கோழிகள் உள்ள வீட்டில் இரண்டு கோழிகள் ஒரே வாரத்தில் பொரித்தால், இரு ஈட்டுக் குஞ்சுகளையும் ஒரு கோழியிடம் சேர்த்துவிடலாம். மற்றக் கோழி விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். தாய்க்கோழி குஞ்சுகளுடன் இரண்டு மாதம் வரை திரியும் என்பதால், வீட்டுச் செலவுக்கு முட்டை விற்போருக்கு இது சிறிய ஆதாயம் அன்று. கூமுட்டைகளின் மீது வீணாக அமர்ந்திருக்கும் கோழிக்கும் இதனால் பயன் கிடைக்கிறது. அடையைக் கலைப்பதற்காக அதனை நீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் தேவையற்றவை ஆகின்றன.

ஏற்பின் அடிப்படை

ஏற்பு இருபுறமும் நிகழவேண்டும். கோழியின் பக்கத்தில், குஞ்சுகளின் தொடுகையும் குரலும் அதனை அடைகாக்கும் நிலையிலிருந்து குஞ்சு பேணும் நிலைக்கு மாற்றுகின்றன. தன் முட்டையா, பிறிதின் முட்டையா என்று அது கணக்கிடுவதில்லை.

குஞ்சின் பக்கத்தில், முதலில் காணும் அசையும் உருவைத் தாயாகக் கொள்ளும் பதிவு நிகழ்கிறது. இதனை ஆங்கிலேயரான டக்ளசு சுபால்டிங் 1873 இல் கோழிக்குஞ்சுகளிடம் விவரித்தார். பொரித்ததும் கண்கள் மறைக்கப்பட்ட குஞ்சுகளை அவர் பின்னர்த் திறந்துவிட்டார். சில நாட்களுக்குள் திறக்கப்பட்டவை அவரைப் பின்தொடர்ந்தன; நான்கு நாட்கள் மறைக்கப்பட்டிருந்தவை அஞ்சி ஓடின. பின்னர் ஆத்திரியரான கொன்ராட் லோரென்சு 1935 இல் வாத்தினப் பறவைகளைக் கொண்டு இதனை விரிவாக எழுதினார். 1973 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வயது கூடிய குஞ்சுகளைச் சேர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு இதுவே விளக்கம்.

தெரிவு

* கோழி குறைந்தது ஒரு வாரமாவது உறுதியாக அடையில் அமர்ந்திருக்கவேண்டும். இரண்டு வாரம் கடந்திருந்தால் மேலும் நன்று. கையை நீட்டும்போது இறகைச் சிலிர்த்து உறுமி, எழாமல் இருப்பதே உறுதியின் அடையாளம்.
* கோழியின் இறகடியில் பேனும் செள்ளும் இருத்தல் கூடாது. இவை இளங்குஞ்சுகளின் குருதியைக் குடித்து அவற்றைக் கொன்றுவிடும்.
* குஞ்சுகள் ஒன்று அல்லது இரண்டு நாள் வயதினவாக இருத்தல் வேண்டும். வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவைக் கொண்டு குஞ்சு இரண்டு நாட்கள் வரை இரையின்றித் தாங்கும்; எனவே பொரிப்பகத்திலிருந்து கொண்டுவர அவகாசம் உண்டு.
* கோழிக்குத் தன் குஞ்சுகளும் இருப்பின், இரு கூட்டமும் ஏறத்தாழ ஒரே வயதினவாக இருக்கவேண்டும்.
* எண்ணிக்கை சிறகுக்குள் அடங்கும் அளவே. நடுத்தர நாட்டுக்கோழிக்கு 12 முதல் 15 குஞ்சுகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் 10க்கு மேல் வேண்டா.

செய்முறை

இரவு நன்கு இருட்டியபின் செய்யவேண்டும். இருளில் கோழியின் பார்வை மங்கும். அது எழுந்து ஓடாது. முதலில் குஞ்சுகளை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளவேண்டும். குளிர்ந்த குஞ்சு உரக்கக் கத்திக் கோழியைக் கலவரப்படுத்தும். மங்கிய ஒளியில், ஒரு கையால் கோழியின் அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, அவ்விடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு குஞ்சை நுழைக்கவேண்டும். இரண்டு குஞ்சுகளை வைத்தபின் சற்று நேரம் பொறுத்திருப்பது நன்று. கோழி தாழ்ந்த குரலில் கொக்கொக் என்று ஒலித்தால் எஞ்சியவற்றையும் சேர்க்கலாம். முட்டைகள் அனைத்தையும் அகற்றிவிடவேண்டும்; இல்லையேல் கோழி அடையைத் தொடரும்.

விடியுமுன் சென்று பார்ப்பது இன்றியமையாதது. வெளிச்சம் வந்தபின்தான் கோழி குஞ்சுகளை முதன்முதலில் காண்கிறது. மறுப்பும் அப்போதே நிகழும். சிறகை விரித்து இடமளிப்பதும், இரையைக் கொத்திக் காட்டி அழைப்பதும் ஏற்பின் அடையாளங்கள். இரையருகே மெல்லத் தட்டுவது இயல்பானது. தலையைக் குறிவைத்துத் தொடர்ந்து கொத்தினால் குஞ்சுகளை உடனே பிரித்துவிடவேண்டும். அடுத்த இரவு ஒருமுறை முயலலாம். அப்போதும் மறுத்தால் செயற்கை வெப்பமே வழி. ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு பொருத்தி, முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் அளிக்கவேண்டும். எல்இடி விளக்கு போதிய சூடு தராது.

பராமரிப்பு

முதல் மூன்று நாட்கள் கோழியையும் குஞ்சுகளையும் பிற கோழிகளிடமிருந்து பிரித்து, நிழலில் பஞ்சாரத்தினுள் வைப்பது வழக்கம். மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தல் கூடாது. தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்கவேண்டும். அதில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சுகள் மூழ்கா. குருணையும் நொய்யும் கொடுக்கலாம். எனினும் அவற்றில் புரதம் குறைவு. எனவே குஞ்சுத் தீவனமோ கரையானோ சேர்ப்பது நல்லது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெளியிலிருந்து வரும் குஞ்சுகளுடன் நோயும் வரக்கூடும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கு 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடுவது வழக்கம். இதனைச் சேர்த்த குஞ்சுகள், சொந்தக் குஞ்சுகள் அனைத்திற்கும் ஒரே நாளில் இடவேண்டும். பருந்து, கீரி, பூனை ஆகியவற்றிடமிருந்து தாய்க்கோழி ஓரளவே காக்கும். இரவில் அடைப்பு தேவை.

சாயமேற்றிய குஞ்சுகள்

தெருக்களில் பச்சை, இளஞ்சிவப்பு முதலிய நிறங்களில் விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவற்குஞ்சுகளே. முட்டையிடாதவை என்பதால் இவை பொரிப்பகங்களில் கழிக்கப்படுகின்றன. குழந்தைகள் வாங்கும் இக்குஞ்சுகளில் பல, இரவுக் குளிரில் சில நாட்களுக்குள் இறக்கின்றன. குஞ்சின் உடல் தன் வெப்பத்தைத் தானே காக்க இறகு முளைக்கவேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அக்கம்பக்கத்தில் அடைக்கோழி இருப்பின், வாங்கிய அன்றிரவே அதனிடம் சேர்ப்பது இவற்றைப் பிழைக்கவைக்கும் வழிகளுள் ஒன்று. ஆனால் விற்கப்படும்போதே இவற்றுக்குப் பல நாட்கள் ஆகியிருக்கலாம் என்பதால் வெற்றி உறுதியன்று.

பிற பறவைகள்

அடைக்கோழியைக் கொண்டு வாத்து, கினிக்கோழி ஆகியவற்றின் முட்டைகளைப் பொரிப்பதும் உண்டு. வாத்து முட்டை பொரிய ஏறத்தாழ 28 நாட்கள் ஆவதால், கோழி ஒரு வாரம் கூடுதலாக அமரவேண்டும். வாத்துக் குஞ்சுகள் நீரில் இறங்கும்போது தாய்க்கோழி கரையில் நின்று கத்தும்.

மதுரைச் சமவெளியின் வயல்களில் மயில் முட்டைகளும் காணப்படுவதுண்டு. அவற்றை எடுத்து அடை வைப்பதோ, மயில் குஞ்சுகளைக் கோழியிடம் சேர்ப்பதோ கூடாது. மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் முட்டையை எடுப்பதும் குற்றமாகும். அநாதையாகக் கிடக்கும் மயில் குஞ்சு பற்றி வனத்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.