அந்தரங்கம் காத்தல்

அகத்திணைப் பாட்டில் வரும் தலைவனையும் தலைவியையும் இயற்பெயரால் சுட்டலாகாது என்பது தொல்காப்பியத்து அகத்திணையியல் வகுத்த வரம்பு. ஊரன், வெற்பன், சேர்ப்பன் என்று பொதுப்பெயரால் குறித்தலே மரபு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பாடிய நக்கீரர் இவ்வரம்பைப் பேணி, 188 அடிகளுள் ஓரிடத்தும் தலைவன் பெயரைக் கூறிற்றிலர். பிரிவால் அரசி அரண்மனையில் வருந்துகிறாள். அரசனோ பாசறையில் நள்ளிரவிலும் துயிலாது, புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். ஆயினும் அவனுக்கு முன்னே செல்வான் ஒருவன் கையிலுள்ள வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஒரு சிறு செய்தி இடையே வந்து விழுகின்றது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளம். அவ்வொரு தழையைக் கொண்டே தலைவன் இன்னான் என்பது புலனாயிற்றென்றும், ஆதலின் இப்பாட்டு அகமன்று, புறமே என்றும் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். அம்முடிவை உடன்படாத புலவரும் உளர். அது நிற்க.

பாட்டுக்கு நேர்ந்த இவ்விடர்ப்பாடு இன்று நம்மனோர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் நேர்கின்றது. கைப்பேசி இல்லாத மாணவரை நம் கல்லூரியிற் காண்டல் அரிது. விடுதிச் சோறு முதல் உடன்பிறந்தாள் மணம் ஈறாக யாவும் படமாகி, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஏறிவிடுகின்றன. 'பெயரைச் சொல்லவில்லை, முகவரியும் சொல்லவில்லை. இதனால் என்ன தீங்கு வந்துவிடும்?' என்று நாம் மன அமைதி கொள்கிறோம். வேப்பந்தழையை மட்டும் நோக்குவதில்லை.

'மறைக்க வேண்டுவது என்னிடம் ஒன்றுமில்லை, எனக்கெதற்கு அந்தரங்கம்?' என்று வினவுவாரும் நம்மிடையே பலர். இவர்கள் அந்தரங்கத்தையும் கள்ளத்தையும் ஒன்றெனக் கொண்டனர் போலும். தாய்க்கு எழுதும் கடிதத்தில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் உறையை ஒட்டியே அஞ்சலிற் சேர்க்கிறோம். தன்னைப் பற்றிய செய்தியை எவர் அறியலாம், எவ்வளவு அறியலாம் என்பதைத் தானே வரையறுத்துக் கொள்ளும் உரிமைதான் அந்தரங்கம். இதனைப் பற்றிய சட்ட ஆராய்ச்சி கைப்படக்கருவியோடு உடன்பிறந்தது எனினும் பொருந்தும். 1888-இல் ஈஸ்ட்மன் என்பார் எவரும் எளிதிற் கையாளத்தக்க கொடக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1890-இல், வாரன், பிராண்டைஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் இருவர் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். நொடியில் எடுக்கும் புகைப்படமும் செய்தித்தாளும் இல்லத்தின் எல்லைக்குட் புகுந்துவிட்டன என்று முறையிட்டு, தம்மைத் தனித்து விடுமாறு கோரும் உரிமையைச் சட்டம் ஏற்றல் வேண்டும் என வாதிட்டனர். நம் நாட்டில், கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். அரசு நம் கதவைத் தள்ளித் திறவாதபடி அத்தீர்ப்பு தடுக்கும். நாமே திறந்து வைக்கும் கதவுக்கு அது காவலாகாது.

திறந்த கதவின் வழியே எவ்வளவு நுழையக்கூடும் என்பதற்கு ஜப்பானில் 2019-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பாடகியாகிய இளநங்கை ஒருத்தி தன் முகத்தைத் தானே படமெடுத்து வலைத்தளத்தில் இட்டாள். ஊரையும் தெருவையும் குறித்திலள். அவள்மீது பித்துக்கொண்ட ஒருவன் அப்படத்தைப் பெரிதாக்கினான். அவளுடைய கண்மணியிற் பிரதிபலித்த காட்சியில் ஒரு ரயில் நிலையம் தென்பட்டது. அதைக் கூகுள் நிறுவனத்தாரின் தெருக்காட்சிப் படங்களோடு ஒப்பிட்டு, நிலையம் இன்னதென்று துணிந்தான். அங்கே காத்திருந்து, அவள் வீடு வரை பின்தொடர்ந்து சென்று தாக்கினான். அவள் வெளியிட்ட வேறு காட்சிகளில் திரைச்சீலை இருந்த இடத்தையும், சாளரத்தின் வழியே ஒளி விழுந்த திசையையும் கொண்டு, அவள் எந்த மாடியில் வாழ்கிறாள் என்பதையும் ஆராய்ந்தானாம். கண்மணிக்குள் ஒரு வேப்பந்தழை இருக்கும் என்று எவர் நினைப்பார்!

இஃது உற்றுநோக்குவார்க்குப் புலனாகும் அடையாளம். எவ்வளவு நோக்கினும் புலனாகாததும் ஒன்றுண்டு. கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும், எடுத்த நாள், நேரம், கருவியின் வகை முதலிய குறிப்புகள் பதிவாகின்றன. இருப்பிடத்தை அறியும் அனுமதியைப் படக்கருவிக்கு நாம் அளித்திருப்பின், அட்சரேகை தீர்க்கரேகை அளவுகளும் உடன்பதிவாகும். கணினி நச்சுநிரல்களைத் தடுக்கும் மென்பொருளாற் பெயர்பெற்ற ஜான் மெக்கஃபி, 2012-இல் பெலீஸ் நாட்டுக் காவலர் தம்மை விசாரணைக்குத் தேடிய காலத்துத் தலைமறைவாய்த் திரிந்தார். அவரோடு உடனிருந்த 'வைஸ்' பத்திரிகையார் அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அவர் படத்தை வெளியிட்டனர். இருக்குமிடம் கட்டுரையிற் சொல்லப்படவில்லை. கோப்புக்குள் கிடந்த எண்களோ அவர் கவாதமாலா நாட்டில் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தன. சில நாளுள் அந்நாட்டுக் காவலர் அவரைப் பிடித்தனர். கணினிக் காப்பையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டியவர்க்கே இது நேர்ந்தது. இப்பொழுது பெரிய தளங்கள் பலவும் இக்குறிப்புகளை நீக்கிவிட்டே படத்தைப் பிறர்க்குக் காட்டுகின்றன. எனினும் எல்லா வழியிலும் அவை நீங்குவதில்லை. வாட்ஸ்அப்பிற் படத்தைப் படமாகவே அனுப்பின் அவை கழிந்துவிடும். தெளிவு குன்றலாகாதென்று அதனையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பின் உடன்செல்லும்.

ஓர் அடையாளம் தனியே நின்று காட்டிக்கொடாவிடினும், இரண்டு மூன்று சேரின் காட்டிக்கொடுக்கும். லட்டான்யா ஸ்வீனி என்னும் அமெரிக்கப் பேராசிரியை 2000-ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த நாள், பால், 5 இலக்க அஞ்சற் குறியீடு ஆகிய மூன்று மட்டும் கிடைத்தால், அந்நாட்டு மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே பிரித்தறிதல் இயலும் என்பது அவர் கண்ட முடிபு. இவற்றுள் ஒன்றேனும் இரகசியம் என்று நாம் எண்ணியதுண்டா? நமக்கு அணிமையிலுள்ள ஓர் எடுத்துக்காட்டையும் கூறுகிறேன். மேல்நிலைத் தேர்வின் முடிவை இணையத்தில் அறியப் பதிவெண்ணும் பிறந்த நாளும் வேண்டும். தேர்வெழுதப் போகும் மகிழ்ச்சியில் நுழைவுச்சீட்டைப் படமெடுத்து ஒரு நாள் இடுகிறோம். பிறந்த நாள் வாழ்த்துக்களை நண்பர்கள் மற்றொரு நாள் இடுகின்றனர். இரண்டும் சேர்ந்தபின் நம் மதிப்பெண்களை நமக்கு முன்னரே பிறர் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020-இல் தம் விமானச் சீட்டைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டார். அதிலிருந்த முன்பதிவுக் குறியைக் கொண்டு அவருடைய கடவுச்சீட்டெண்ணையும் தொலைபேசி எண்ணையும் ஒருவர் கண்டெடுத்தார். நற்பேறாக அவர் தீங்கு கருதாதவர். அரசுக்கும் நிறுவனத்துக்கும் முறையே தெரிவித்தார்.

இதுகாறும் கூறியவை ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் கேடு. இதனினும் பெரிதென யான் கருதுவது, நாம் பிறர்க்குச் செய்யும் கேடு. 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தைப் பற்றிய உண்மைகள் வெளிவந்தபொழுது, முகநூல் நிறுவனத்தார் இந்தியாவைக் குறித்து ஒரு கணக்கு வெளியிட்டனர். குணநலன்களை அளந்து கூறும் வினாவிடைச் செயலி ஒன்றைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்ட இந்தியர் 335 பேர். அவர் வாயிலாக, அவர்தம் நட்புத் தொடர்பிலிருந்தமையால் விவரம் வெளியே சென்றிருக்கக்கூடியவர் 5,62,120 பேர். இவ்வைந்தரை லட்சத்துக்கு மேற்பட்டோரும் அச்செயலியைத் தொட்டவரல்லர். அவர் செய்த பிழை, 335 பேருள் ஒருவர்க்கு நண்பராயிருந்ததுவே.

நம் கல்லூரி வாழ்விலும் இதுவே நிகழ்கின்றது. சுற்றுலாவில் எடுத்த படத்தில் பதின்மர் நிற்பர், இடுபவர் ஒருவர், ஏனை ஒன்பதின்மரை வினவுவாரிலர். களவொழுக்கத்தைப் பற்றி ஊரார் பேசும் பேச்சினை நம் இலக்கணம் அம்பல், அலர் என இரண்டாகப் பகுக்கின்றது. சிலர் தமக்குள் முகிழ்த்த அளவிற் குறிப்பாற் கூறிக்கொள்வது அம்பல். பலரறிய மலர்ந்துவிடுவது அலர். பழங்காலத்தில் அம்பல் அலராதற்குச் சில நாளேனும் சென்றிருக்கும். இன்று தோழியர் இருபதின்மர்க்கென்று அமைத்த வாட்ஸ்அப் குழுவிலிட்ட படம், அவருள் ஒருவர் திரையைப் படமெடுத்து வேறொரு குழுவுக்கு அனுப்பும் நொடியிலேயே அலராகின்றது. அதன் விளைவை ஆடவராகிய நாம் முற்றும் உணர்ந்திலோம் என்றே தோன்றுகிறது. முதன்முதலாகத் தம் குடும்பத்திற் கல்லூரிப் படியேறி வந்த மாணவியர் நம்மிடையே பலர். உடன்பயிலும் மாணவனோடு தேநீர்க்கடையில் நின்ற ஒரு படம் சித்தப்பாவின் கைப்பேசிக்கு எட்டுமாயின், அவளுடைய படிப்பே அப்பருவத்தோடு நின்றுபோதல் கூடும். படத்தை இட்டவன் பகையால் இட்டானல்லன். நல்ல படம் என்று இட்டான். அவளுடைய ஊரும் வீடும் எத்தகையன என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாதபொழுது வினவுதலே முறை.

சட்டம் இதற்கு எவ்வளவு துணைசெய்யும்? 2023-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் ஒருவருடைய விவரங்களைப் பிறர் கையாள்வதற்கு அவருடைய இசைவை வேண்டுகின்றது. ஆயின் அதன் 3-ஆம் பிரிவு ஒரு விலக்கையும் வைத்துளது: தன் விவரங்களைத் தானே பொதுவில் வெளியிட்டவர்க்கு, அவ்விவரங்களைப் பொறுத்தவரை, இச்சட்டம் பொருந்தாது. சமூக வலைத்தளத்தில் தன் கருத்துக்களை எழுதுகையில் தன் விவரங்களையும் வெளியிட்ட ஒருத்தியையே சட்டநூலார் இதற்கு எடுத்துக்காட்டாகத் தந்துளர். கடுமையான தீங்குகளுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு இருக்கின்றது. ஒருவருடைய உடம்பின் மறைவிடங்களை அவர் இசைவின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ, 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தேநீர்க்கடைப் படத்துக்கு இவ்விரண்டாலும் பயன் இல்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில. படக்கருவிக்கு அளித்துள்ள இருப்பிட அனுமதியை அமைப்புகளிற் சென்று நீக்கிவிடல் அரை நிமிட வேலை. கணக்கைத் தெரிந்தவர் மட்டும் காணுமாறு அமைத்தலும், பிறர் தம் படத்தில் நம் பெயரைக் கோக்கும்பொழுது நம் ஒப்புதலின்றி அது நம் பக்கத்தில் தோன்றாதவாறு தடுத்தலும் இயல்வனவே. பயணத்துப் படங்களை ஊர் திரும்பியபின் இடலாம். வீடு பூட்டியிருக்கின்றது என்று உலகுக்கு அறிவிக்க வேண்டுவதில்லை. இடுமுன், படத்தின் நடுவிலிருக்கும் முகத்தை விட்டு நான்கு மூலைகளையும் பார்த்தல் நன்று: வண்டியெண், பள்ளிச் சீருடை, கதவிலக்கம், மேசைமேற் கிடக்கும் ஆதார் அட்டை ஆகியன அங்கேதான் ஒதுங்கி நிற்கும். உடனிருப்பவரை 'இடட்டுமா?' என்று கேட்பதற்கு எந்த அமைப்பும் வேண்டா.

இவ்வளவு செய்தும் தீங்கு நேர்ந்துவிடின், அச்சத்தால் யாவற்றையும் அழித்துவிடலாகாது. பதிவின் இணைய முகவரி, நாள், நேரம், திரைப்படிகள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்துக் கொண்டு, முதலில் அத்தளத்தாரிடத்தும், பின்னர் மைய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். பெண்டிர்க்கும் சிறார்க்கும் எதிரான குற்றமாயின், முறையிடுவோர் தம் பெயரை வெளியிடாமலே புகார் செய்வதற்கும் அத்தளத்தில் வழியுண்டு.