கேட் பூட்டியாச்சு, கொலையாளி உள்ளேதான்! தெரியுமா?

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளி. ராத்திரி விளக்கணைத்த பிறகு ஒரு அலறல். வெளியாள் யாரும் வந்திருக்க முடியாது. அப்படியானால்? பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளா, கணக்கு டீச்சரா, வார்டனா? இந்த வகை நாவல்களை எழுதியவர்களில் பலர் தாங்களே அப்படிப்பட்ட பள்ளிக்குள் இருந்தவர்கள் என்பது தெரியுமா?

செசில் டே-லூயிஸ் 1968இல் பிரிட்டனின் அரசவைக் கவிஞர் ஆனவர். அந்தப் பெரிய கவிஞர், வீட்டுக் கூரையைப் பழுது பார்க்கப் பணமில்லாமல்தான் துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தார்! அப்போது அவர் செல்டனம் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். நிக்கலஸ் பிளேக் என்ற புனைபெயரில் 1935இல் வெளிவந்தது ‘எ கொஸ்டின் ஆஃப் ப்ரூஃப்’. பள்ளி விளையாட்டு விழா நாளில், வைக்கோல் போருக்குள் ஒரு மாணவனின் பிணம்! சந்தேகம் விழுவது யார் மீது? ஆங்கில ஆசிரியர் மீது! துப்பறிகிறவரோ, டே-லூயிஸின் நண்பரான கவிஞர் ஆடனை அச்சில் வார்த்தது போன்ற ஆள். அந்த ஆடனும் பள்ளிக்கூட வாத்தியார்தான். ஸ்காட்லாந்தில் டே-லூயிஸ் விட்டுப்போன அதே வேலையில் சேர்ந்தவர்!

இன்னொன்று கேளுங்கள். ‘மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்’ எழுதிய ராபின் ஸ்டீவன்ஸ் படித்ததும் அதே செல்டனத்தில், பெண்கள் கல்லூரி என்ற பெயர்பெற்ற பள்ளியில். ஒரே ஊரின் இரண்டு பள்ளிகளிலிருந்து, 79 வருஷ இடைவெளியில் இரண்டு கொலைக் கதைகள்!

அகதா கிறிஸ்டியும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். 1959இல் வந்த அவருடைய ‘கேட் அமங் தி பிஜன்ஸ்’ நாவலில் ரத்தினக் கற்கள் ஒளிந்திருப்பது ஒரு டென்னிஸ் மட்டையின் கைப்பிடிக்குள்!

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஒரு ஆஸ்திரேலியக் கதை. ஜோன் லிண்ட்சே 1967இல் வெளியிட்ட ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’. 1900ஆம் ஆண்டு, காதலர் தினம். விக்டோரியா மாநிலத்தில் ஒரு பெண்கள் பள்ளி பாறைக்குன்றுக்கு உல்லாசப் பயணம் போகிறது. உச்சி வேளை 12 மணிக்குக் கைவசமிருந்த கடிகாரங்கள் நின்றுவிடுகின்றன. நாலு பெண்கள் பாறை மேல் ஏறுகிறார்கள். ஒருத்தி மட்டும் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். மற்ற மூவரும், கூடவே கணக்கு டீச்சரும் மாயம்! சில நாள் கழித்து ஒரு பெண் உயிரோடு கிடைக்கிறாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

நிஜமாக நடந்ததா? அதை வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று லிண்ட்சே முன்குறிப்பிலேயே விட்டுவிட்டார். ஜனங்கள் நம்பினார்கள், இன்றும் அந்தப் பாறைக்குப் போய், காணாமல் போன மிராண்டாவின் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். நாட்காட்டியைப் பார்த்தால் குட்டு உடையும்: நாவலில் அந்த நாள் சனிக்கிழமை, உண்மையில் 14 பிப்ரவரி 1900 புதன்கிழமை! லிண்ட்சே படித்த பள்ளியோ உண்மையான பள்ளி. அது 1919இல் அந்தப் பாறைக்கு அருகிலிருக்கும் வுட்எண்டுக்கே இடம் மாறியது. தான் அருகில் போனாலே கடிகாரங்கள் நின்றுவிடும் என்று லிண்ட்சே சொல்லிவந்தார். 1962இல் வந்த அவருடைய தன்வரலாற்று நூலின் பெயரே ‘டைம் வித்தவுட் க்ளாக்ஸ்’!

அதைவிட ஆச்சரியம், மர்மத்தை விளக்கும் கடைசி அத்தியாயத்தை லிண்ட்சே எழுதியே வைத்திருந்தார்! பதிப்பகத்தார் சொல்லி அது நீக்கப்பட்டது. அவர் 1984இல் மறைந்தார்; அத்தியாயம் 1987இல்தான் வெளிவந்தது. அதில் பெண்கள் தங்கள் இறுக்கமான இடுப்புக் கச்சைகளைக் கழற்றிப் பாறை விளிம்பிலிருந்து வீசுகிறார்கள். அவை கீழே விழாமல் அந்தரத்திலேயே நிற்கின்றன! என்னைக் கேட்டால், அந்த அத்தியாயத்தை வெட்டியது சரிதான். விடை இல்லாத புத்தகம்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஜனங்களை அந்தப் பாறைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிர், மொரீன் ஜான்சனின் ‘ட்ரூலி டீவியஸ்’. அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில், புதிர்ப் பைத்தியமான ஒரு கோடீஸ்வரர் கட்டிய பள்ளி. கட்டணமே கிடையாது! 1936இல் அவருடைய மனைவியும் மகளும் கடத்தப்படுகிறார்கள். ஸ்டீவி பெல் என்ற மாணவி இன்றைய காலத்தில் அங்கே சேருவதே அந்தப் பழைய வழக்கைத் துப்புத் துலக்கத்தான்! 1932இல் விமானி லிண்ட்பெர்கின் 20 மாதக் குழந்தை கடத்தப்பட்ட நிஜச் சம்பவம் படிக்கப் படிக்க நினைவுக்கு வரும். முதல் புத்தகம் 2018இல் வந்தது. முடிச்சு அவிழ்ந்ததோ 2020இல், மூன்றாம் புத்தகத்தில்! நடுவில் காத்திருந்த வாசகர்களை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் ராபின் ஸ்டீவன்ஸின் ‘மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்’ நாவலைக் கொடுங்கள். ஹாங்காங்கிலிருந்து வந்த ஹேசல் வாங், உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் டீச்சர் இறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூட்டிவர ஓடுகிறாள். திரும்பி வந்தால் பிணத்தைக் காணோம்! அதற்கப்புறம் புத்தகத்தை உங்கள் பிள்ளையின் கையிலிருந்து வாங்க முடியாது.