வயர்லெஸ் ஆன்-இயர் ஹெட்போன்களை மதிப்பிடுதல்

ஆன்-இயர் ஹெட்போன் என்பது, அதன் மெத்தைகள் காதுமடலின் மீது நேரடியாகப் படிந்து அமரும் வகையில் செய்யப்பட்ட ஒலிக்கருவி ஆகும். காது முழுவதையும் கிண்ணம்போல் மூடி, அதைச் சுற்றியுள்ள பகுதியில் அமர்வது ஓவர்-இயர் வகை. காதுத் துளைக்குள் செருகப்படுவது இன்-இயர் வகை. ஆன்-இயர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, காதுக்குள் எதுவும் நுழைவதில்லை, பல மாதிரிகளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். கம்பியில்லாமல் புளூடூத் வழியாக இயங்கும் மாதிரிகள் இன்று மாணவர்களிடமும் அலுவலகப் பணியாளர்களிடமும் பரவலாகப் புழங்குகின்றன.

இவற்றை விற்கும் பெட்டிகளின் மேல் பேட்டரி நேரம், புளூடூத் பதிப்பு, டிரைவரின் விட்டம் ஆகிய எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஆன்-இயர் வகையைப் பொறுத்தவரை இந்த எண்கள் சொல்வது குறைவு. மெத்தை காதின்மேல் எப்படிப் படிகிறது என்ற ஒரு செய்தியே ஒலித்தரம், அணியும் வசதி, செவியின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பெருமளவு தீர்மானிக்கிறது. அதை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

சுருக்கமான வரலாறு

தொடக்கக் காலத்துத் தொலைபேசி, வானொலி இயக்குநர்கள் அணிந்த கேட்புக்கருவிகளும் காதின்மேல் அழுந்தி அமர்பவையே. இசை கேட்பதற்கான இலகுவான வடிவம் பின்னர் வந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்டி 414 மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தைகளுக்காகப் பெயர் பெற்றது. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது அதனுடன் தரப்பட்டதும் பஞ்சு வைத்த ஆன்-இயர் ஹெட்போன்தான். நடந்துகொண்டே இசை கேட்கும் பழக்கம் இவ்வடிவத்துடன் சேர்ந்தே உலகெங்கும் பரவியது எனலாம். 1984இல் அமெரிக்காவின் காஸ் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டா ப்ரோ இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் விற்கப்படுகிறது.

புளூடூத் வழியாக ஸ்டீரியோ இசையை அனுப்பும் ஏ2டிபி என்ற நெறிமுறை 2003இல் உருவானது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் இருந்து 3.5 மி.மீ. துளையை நீக்கியதும், மற்ற பல நிறுவனங்கள் அவ்வழியே சென்றதும், வயர்லெஸ் ஹெட்போனைப் பலருக்கு அன்றாடத் தேவையாக்கின.

மெத்தையும் பிடிமானமும்

தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி காதை முழுமையாக அடைய வேண்டுமானால், டிரைவருக்கும் செவிக்கும் இடையே உள்ள காற்று ஓரளவு அடைபட்டிருக்க வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே முதலில் கசிந்து போவது பாஸ் ஒலிதான். ஓவர்-இயர் வகையின் மெத்தை ஓரளவு சமமான பரப்பில் அமர்வதால் அடைப்பு எளிதில் கிடைக்கும். ஆன்-இயர் வகையோ மடிப்பும் மேடுபள்ளமும் கொண்ட காதுமடலின் மேல் அமர்கிறது. மடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஹெட்போன் ஒருவருக்குச் செறிவாகவும் இன்னொருவருக்குச் சப்பென்றும் கேட்பதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணமன்று.

இதைச் சோதிப்பது எளிது. தாழ்ந்த ஒலி நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, இரு கிண்ணங்களையும் விரல்களால் மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தியவுடன் பாஸ் சட்டென்று கூடினால், இயல்பாக அணியும்போது அடைப்பு சரியாக இல்லை என்று பொருள். கிண்ணங்களை மேலும் கீழும் நகர்த்தியும் தலைப்பட்டையின் நீளத்தை மாற்றியும் பார்க்கலாம். அப்படியும் மாறாவிட்டால் அந்த மாதிரி அந்தக் காதுக்குப் பொருந்தவில்லை.

அடைப்பைக் கூட்ட, தயாரிப்பாளர்கள் தலைப்பட்டையின் இறுக்கத்தைக் கூட்டுகிறார்கள். அங்கே வேறு சிக்கல் தொடங்குகிறது. காதுமடல் குருத்தெலும்பால் ஆனது, அதன்மேல் தோல் மெல்லியது. தொடர்ந்து அழுந்தினால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் சூடும் வலியும் தெரியத் தொடங்கும். கடையில் ஐந்து நிமிடம் அணிந்து பார்த்துவிட்டு வசதியாக இருக்கிறது என்று முடிவு செய்வதில் பயனில்லை. குறைந்தது நாற்பத்தைந்து நிமிடம் கழற்றாமல் அணிந்திருந்தால்தான் உண்மை தெரியும். இணையத்தில் வாங்குவோர் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் இச்சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு, காதுக்கும் தலைக்கும் இடையில் கண்ணாடியின் காம்பு மாட்டிக்கொண்டு மடலின் பின்புறம் உறுத்தும். தோடு அணிபவர்களுக்குத் திருகாணி கழுத்துப் பக்கம் குத்தும். இவ்விரு தரப்பினரும் கண்ணாடியோடும் தோட்டோடும்தான் ஹெட்போனைச் சோதிக்க வேண்டும். இறுக்கமான ஹெட்போனைப் புத்தக அடுக்கின்மேல் இரவு முழுதும் மாட்டி வைத்துத் தளர்த்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. உள்ளே உலோகப் பட்டை இருந்தால் அது பலன் தரலாம். முழுதும் பிளாஸ்டிக்கால் ஆன பட்டை விரிசல் விட வாய்ப்புண்டு.

எடையைப் பொறுத்தவரை ஆன்-இயர் வகைக்குத் தெளிவான ஆதாயம் இருக்கிறது. சோனி டபிள்யூஎச்-சிஎச்520 மாதிரி 147 கிராம், ஜேபிஎல் டியூன் 510பிடி சுமார் 160 கிராம். அதே சோனியின் ஓவர்-இயர் மாதிரியான டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம் எடை கொண்டது.

ஒலியைச் சோதிக்கும் முறை

பெட்டியில் காணப்படும் "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்ற குறிப்பு மனிதச் செவியின் எல்லையைச் சொல்வது. அந்த எல்லைக்குள் எந்தப் பகுதி எவ்வளவு உரத்து ஒலிக்கிறது என்பதை அது சொல்லாது. டிரைவர் 30 மி.மீ.யா 40 மி.மீ.யா என்பதும் அப்படியே.

கோடெக் பற்றி வரும் விளம்பரங்களுக்கும் ஓர் அளவுண்டு. எல்லாப் புளூடூத் ஸ்டீரியோ ஹெட்போன்களிலும் இருக்கும் எஸ்பிசி கோடெக் உயர்தர அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும். சோனியின் எல்டாக் அதிகபட்சம் 990 கிலோபிட் வரை செல்லும். கருவி இரண்டும் ஒரே கோடெக்கை ஏற்றால்தான் அது வேலை செய்யும். ஐபோன்கள் எல்டாக்கை ஏற்பதில்லை, அவற்றில் ஏஏசி பயன்படுகிறது. மெத்தை சரியாகப் படியாத ஹெட்போனில் எஸ்பிசியிலிருந்து எல்டாக்குக்கு மாறுவது, ஓட்டைக் குடத்தில் நல்ல தண்ணீர் பிடிப்பதைப் போன்றது.

நன்கு பழகிய ஒலிப்பதிவே சிறந்த அளவுகோல். மிருதங்கம் தெளிவாகப் பதிவான ஒரு கச்சேரி இதற்குப் பொருத்தமானது. இடப்பக்கத் தொப்பியின் கும்கி ஒலி உருண்டு வர வேண்டும், ஆனால் அது பாடகரின் குரலை மூடிவிடக் கூடாது. வலந்தலையின் சொற்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிறகு ஒரு பேச்சுப் பதிவைக் கேட்கலாம். "ச", "ஸ" ஒலிகள் ஊசிபோல் குத்தினால் உச்சப் பகுதி மிகை. பேச்சு பானைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கினால் பாஸ் மிகை. விரிவுரைகள் கேட்கவே வாங்கும் மாணவருக்குப் பின்னது பெரிய குறை. தயாரிப்பாளரின் செயலியில் ஈக்வலைசர் இருந்தால் இதில் ஓரளவு சரிசெய்யலாம்.

அழைப்பும் இணையவழி வகுப்பும்

மடிக்கணினியில் பாட்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த ஹெட்போன், இணையவழி வகுப்பு தொடங்கியதும் பழைய தொலைபேசிபோல் ஒலிப்பதைப் பலர் பழுதென்று எண்ணுகிறார்கள். இது பழுதன்று. ஏ2டிபி ஒருவழிப் பாதை. மைக் இயங்கத் தொடங்கியவுடன் இணைப்பு, பேச்சுக்கான இருவழி நெறிமுறைக்கு மாறிவிடுகிறது. அதில் ஒலி நொடிக்கு 8,000 முறையோ, மேம்பட்ட வடிவில் 16,000 முறையோ மட்டுமே மாதிரி எடுக்கப்படுகிறது. குறுந்தகட்டு இசையில் இது 44,100 முறை. மைக் தேர்வில் ஹெட்போனுக்குப் பதிலாக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தால், கேட்கும் ஒலி பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோவும் அதன் எல்சி3 கோடெக்கும் இக்குறையைத் தீர்க்கக்கூடியவை. அதற்கு ஹெட்போனும் கணினியும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

ஒலி தாமதம் இன்னொரு சிக்கல். காணொளிச் செயலிகள் பல படத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி ஈடுகட்டிவிடுகின்றன. விளையாட்டில் அது இயலாது என்பதால் சுட்டபின் சத்தம் வரும். கைப்பேசியோடும் கணினியோடும் ஒரே நேரத்தில் இணையும் மல்டிபாயிண்ட் வசதி அன்றாடப் பயன்பாட்டில் மிகவும் உதவும்.

பேட்டரி

டியூன் 510பிடிக்கு 40 மணி, டபிள்யூஎச்-சிஎச்520க்கு 50 மணி என நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. ஒலியளவைக் கூட்டினால் இது குறையும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. பேட்டரி தீர்ந்தபின் கம்பி செருகிக் கேட்க முடியுமா என்பதே முதன்மையான கேள்வி. மேற்சொன்ன இரண்டிலும் 3.5 மி.மீ. துளை கிடையாது. 2024இல் வந்த பீட்ஸ் சோலோ 4இல் அத்துளையும், யுஎஸ்பி-சி கம்பி வழியே கேட்கும் வசதியும் உண்டு. சில ஆண்டுகளில் லித்தியம் பேட்டரி தளர்ந்துவிடும்போது, கம்பி வழி இல்லாத ஹெட்போன் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது.

வெளி இரைச்சலும் செவியின் பாதுகாப்பும்

ஆன்-இயர் வகை வெளி இரைச்சலை அரைகுறையாகவே தடுக்கிறது. பேருந்து எஞ்சினின் தாழ்ந்த உறுமல் எளிதில் உள்ளே நுழையும். இரைச்சலை ஒலியால் எதிர்க்கும் ஏஎன்சி வசதி, 2019இல் வந்த பீட்ஸ் சோலோ ப்ரோ போன்ற சில ஆன்-இயர் மாதிரிகளில் உண்டு என்றாலும், அதுவும் நல்ல அடைப்பை நம்பியே இருக்கிறது. இரைச்சல் மிஞ்சும்போது கேட்பவர் செய்வது ஒன்றே: ஒலியைக் கூட்டுவது.

உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் தந்துள்ள வரையறைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் பாதுகாப்பான எல்லை. சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். அதாவது 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. கல்லூரிக்குப் பேருந்தில் நாள்தோறும் போகவர இரண்டு மணி நேரம் செலவிடும் மாணவர், வாரத்தில் ஆறு நாள் 86 டெசிபெல்லில் கேட்டால் 12 மணி நேரம் ஆகிவிடுகிறது. வீட்டில் ஒரு பாட்டுக்கூடக் கேட்காமலே அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். உட்செவியில் அழிந்த மயிர்ச்செல்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை என்பதால் இந்த இழப்பு நிரந்தரமானது.

டெசிபெல் அளவிடும் கருவி இல்லாமலும் இதைக் கணிக்கலாம். பேருந்தில் வசதியாகத் தோன்றிய ஒலியளவை மாற்றாமல் இறங்கி, அமைதியான அறையில் அதே அளவில் கேட்க வேண்டும். சத்தம் திடுக்கிட வைத்தால், அந்த ஹெட்போன் அந்தப் பயணத்துக்கு ஏற்றதன்று. பயணத்துக்கு நன்கு அடைக்கும் வேறு வகையும், வீட்டுக்கும் நூலகத்துக்கும் ஆன்-இயரும் என்று பிரித்துக்கொள்வது இத்தகையோருக்குப் பொருந்தும். நூலகத்தில் வேறொன்றையும் பார்க்க வேண்டும். உள்ளே இரைச்சல் நுழையும் இடைவெளி வழியே பாட்டு வெளியேயும் கசியும். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

உழைப்பு

முதலில் உடைவது பெரும்பாலும் மடியும் கீல். முதலில் நைவது மெத்தை. செயற்கைத் தோல் வியர்வையிலும் ஈரப்பதத்திலும் செதில் செதிலாக உரியும். மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை கிடைக்குமா என்று வாங்கும்முன் பார்ப்பது பயன் தரும். மெத்தை தட்டையாகிவிட்டால் அடைப்பும் போய்விடும். ஓராண்டுக்குப்பின் ஒலி மெலிந்துவிட்டதாகத் தோன்றும் ஹெட்போன்களில் டிரைவர் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். புதிய மெத்தை மாட்டியதும் பாஸ் திரும்பிவிடும்.