தேன் ரொட்டியும் வெள்ளி நாணயமும்: தோருன் நகரில் ஒரு நாள்

போலந்து நாட்டில் விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் வணிக நகரம் தோருன். 1233-ஆம் ஆண்டில் நகர உரிமை பெற்ற இவ்வூர், பின்னாளில் ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் இணைந்து செழித்தது. இரண்டாம் உலகப் போரின் பேரழிவிலிருந்து இதன் செங்கல் கோபுரங்களும் குறுந்தெருக்களும் பெருமளவு தப்பின. 1997-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வார்சாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் இங்கு வந்துவிடலாம். பழைய நகரை ஒரே நாளில் நடந்தே காணலாம்.

நகர மன்றத்தின் முன் நிற்பது நிக்கோலஸ் கோப்பர்னிக்கஸின் சிலை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட அவ்வறிஞர் 1473-இல் இந்நகரில் பிறந்தார். அவர் பெயர் தாங்கிய தெருவில், அவர் பிறந்ததாகக் கருதப்படும் வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

சற்று நடந்தால் தேனும் மசாலாவும் கலந்த மணம் நம்மை அழைக்கும். 'பியெர்னிக்' எனப்படும் தேன் ரொட்டியே இவ்வூரின் அடையாளம். 'மிளகுச் சுவையுடைய' என்னும் பொருள்தரும் பழைய போலந்துச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். சுற்றுவட்டாரத்தின் மாவும் தேனும், கடல் கடந்து கீழை நாடுகளிலிருந்து வந்த மிளகு, இஞ்சி, பட்டை, கிராம்பு ஆகியவையும் சேர்ந்து உருவான பண்டம் இது. பிசைந்த மாவை நெடுநாள் ஊறவைத்து, சித்திரம் செதுக்கிய மர அச்சுகளில் அழுத்திச் சுடுவர். மகள் பிறந்ததும் மாவைப் பிசைந்து வைத்து, அவள் திருமணத்தின்போது சுட்டனர் என்றொரு மரபுக்கதையும் உண்டு. அக்காலத்து வைப்பு நிதி என்றே அதனைச் சொல்லலாம்!

அச்சு எத்துணை அழகாயினும், ரொட்டியின் தரத்தை நிர்ணயிப்பது உள்ளே சேர்ந்த பொருளே. நாணயத்திற்கும் இது பொருந்தும் என்பதைக் கோப்பர்னிக்கஸ் விளக்கினார். அவர் காலத்தில் இப்பகுதியின் நாணயங்களில் வெள்ளி குறைந்து, செம்பு மிகுந்து வந்தது. 1526-இல் நிறைவுசெய்த நாணயவியல் ஆய்வில், உட்பூசல், கொள்ளைநோய், நிலத்தின் மலட்டுத்தன்மை ஆகியவற்றோடு நாணய மதிப்பின் வீழ்ச்சியையும் நாட்டை அழிக்கும் தீமையாக அவர் வைத்தார். ஏனையவை கண்ணுக்குத் தெரியும். இது மறைவாகவும் மெல்லவும் அரிக்கும் என்பது அவர் கருத்து. தரமான நாணயத்தை மக்கள் பதுக்குவர், பொற்கொல்லர் உருக்குவர். மட்டமானதே புழக்கத்தில் எஞ்சும். பொருள்களின் விலை ஏறும். பின்னர் இங்கிலாந்தின் தாமஸ் கிரெஷாம் பெயரால் வழங்கிய விதியின் சாரமும் இதுவே.

நண்பகலில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் நிரப்பிய 'பியெரோகி' கொழுக்கட்டைகளைச் சுவைக்கலாம். மேலே பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவித் தருவதுண்டு என்பதால், சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று. புளித்த ரை மாவில் செய்யும் 'ஷூரெக்' சூப் பெரும்பாலும் இறைச்சியுடனேயே வரும். மாலையில், 1454-இல் நகர மக்கள் தகர்த்த டியூட்டானிய வீரர்களின் கோட்டை இடிபாடுகளையும் சாய்ந்த கோபுரத்தையும் கண்டு ஆற்றங்கரையில் இளைப்பாறலாம்.

பணத்தின் உண்மை மதிப்பைப் பார் என்ற கோப்பர்னிக்கஸின் அறிவுரை இன்றைய பயணிக்கும் உரியது. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அன்று, ஸ்லோட்டி. 100 குரோஷ் சேர்ந்தது ஒரு ஸ்லோட்டி. 'கான்டோர்' எனப்படும் நாணயமாற்றுக் கடைகளில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி பெரிதானால் நமக்கு இழப்பும் பெரிது. தொகையை ரூபாயிலா, ஸ்லோட்டியிலா செலுத்துவது என்று கார்டு இயந்திரம் கேட்டால், ஸ்லோட்டியைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாகச் சிக்கனம். ரூபாயில் காட்டும் தொகையில் கூடுதல் மாற்றுக் கட்டணம் அடங்கியிருக்கக்கூடும். புறப்படும் முன், நமது கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி இயக்கப்பட்டுள்ளதா என்பதையும், அதற்குரிய கட்டணம் எவ்வளவு என்பதையும் வங்கியில் உறுதிசெய்துகொள்வோம்.