மாறும் பொருளும் மாறாத இணைப்பும்



ஒரு தொழிற்சாலையின் திறமையை எதைக் கொண்டு அளப்பது? நாளொன்றுக்கு எத்தனை பொருள்கள் செய்கிறது என்பதைக் கொண்டே பலரும் அளப்பர். செய்யும் பொருளை மாற்ற நேர்ந்தால் எத்தனை நாள் வேலை நின்றுபோகும் என்பதையும் உடன் கேட்க வேண்டும் என்பேன் நான். இதற்கு அமெரிக்க மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் நல்ல சான்று உண்டு.

ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் 'மாடல் டி' என்னும் காரை வெளியிட்டார். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் உறுப்புகளைப் பூட்டும் நகரும் வரிசையை அமைத்தார். காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க முன்பு 12½ மணி நேரம் ஆயிற்று. மறு ஆண்டில் அது ஏறத்தாழ 1½ மணியாகக் குறைந்தது. அங்கிருந்த எந்திரங்களுள் மிகப்பல, அந்த ஒரு காரின் ஓர் உறுப்பில் ஒரே வேலையைச் செய்வதற்கென்றே சமைக்கப்பட்டவை. ஆதலால் விலை குறைந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின.

ஆயினும் மக்களின் விருப்பம் மாறிற்று. 1927 மே மாதத்தில் அந்தக் காரை நிறுத்த வேண்டியதாயிற்று. புதிய 'மாடல் ஏ' வெளிவந்ததோ டிசம்பரில். இடைப்பட்ட மாதங்களில் ஆயிரக்கணக்கான எந்திரங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. பல பழைய இரும்பாயின. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர்.

இதற்கு மாறாக, ஷெவர்லே காரைச் செய்த வில்லியம் நட்சன், பொதுவான வேலைக்குரிய எந்திரங்களையே பெரிதும் நிறுவினார். உறுப்பைப் பற்றி நிறுத்தும் சாதனங்களை மட்டும் அந்தந்த உறுப்புக்கு ஏற்ப அமைத்தார். அதனால் 1928இன் இறுதியில் நான்கு சிலிண்டர் எஞ்சினை விட்டு ஆறு சிலிண்டருக்கு மாற அவருக்குச் சில வாரங்களே போதுமாயிருந்தன. மாறக்கூடியதை மாறாததிலிருந்து அவர் முன்னரே பிரித்து வைத்திருந்தார் அன்றோ?

இந்தப் பிரிவினையே கூறுமுறை அமைப்பின் உயிர். நம் அடுக்களை அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். கடுகுக் கிண்ணத்தை எடுத்துவிட்டுச் சீரகக் கிண்ணத்தை அங்கே வைக்கலாம். கிண்ணங்கள் யாவும் ஒரே அளவாக இருப்பதே காரணம். எந்திரக் கூறுகளுக்கும் அப்படியே: உள்ளே எவ்வளவு வேறுபட்டாலும், ஒன்றோடொன்று சேரும் முகம் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். 1860களில் ஸ்டீஃபன் மோர்ஸ் வகுத்த கூம்பு அளவு இன்றும் பட்டறைகளில் வழங்குகிறது. அவ்வளவில் அமைந்த துளையூசியை யார் செய்திருந்தாலும், அதே அளவுக் கூம்புத் துளையுள்ள கடைசல் எந்திரத்தில் பொருத்தலாம்.

இக்கருத்தை முழுத் தொழிற்சாலைக்கும் விரித்தவர்களுள் முதன்மையானவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோராம் கோரென். இதற்கென்றே 1996இல் அங்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அடித்தளம், நகரும் மேசை, சுழல்தண்டுத் தலை, கணிப்பொறிக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தனித்தனிக் கூறுகளாகச் செய்தால், பொருள் மாறும்போது தலையை மட்டும் மாற்றலாம். தேவை பெருகும்போது எந்திரங்களைச் சேர்க்கலாம்.

இதற்கும் விலை உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒவ்வோர் இணைப்பும் எந்திரத்தின் விறைப்பைச் சிறிது குறைக்கும். அசைவு புகுந்தால் நுட்பம் கெடும். மாற்றிப் பூட்டியபின் மீண்டும் அளந்து சரிபார்க்க வேண்டும். எல்லாப் பொருளையும் செய்யும் எந்திரம் தேவையுமன்று. ஓரினத்தைச் சேர்ந்த பொருள்கள் எவை என முதலில் தெளிந்து, அந்த எல்லைக்குள் மாறத்தக்கதாக அமைப்பதே அறிவுடைமை.

நாளை உங்களில் சிலர் எந்திரங்களை வரையப் போகிறீர்கள். இன்று செய்ய வேண்டிய பொருளை மட்டும் எண்ணி வரையாதீர்கள். அது மாறும் நாளில் எந்தக் கூறு கழற்றப்படும், எது நிலைத்து நிற்கும் என்பதையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். அவ்வெந்திரத்தை நம்பிப் பிழைப்போரின் வேலையும் அக்குறிப்பில் அடங்கியிருக்கிறது.