எடின்பரோவில் ஒரு மணி வேட்டு

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் பிள்ளைகள் படிக்கவோ வேலை பார்க்கவோ போயிருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் சில உண்டு. அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. பகல் ஒரு மணிக்குக் கோட்டைப் பக்கம் 'டமார்' என்று ஒரு வேட்டுச் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் துள்ளிக் குதிப்பவர் வெளியூர்க்காரர், கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் உள்ளூர்க்காரர் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்தப் பீரங்கி 1861 ஜூன் 7 முதல் ஒலித்து வருகிறது. குண்டு கிடையாது, வெறும் மருந்து வெடிதான். இப்போது கோட்டையின் மில்ஸ் மவுண்ட் மேடையில் இருப்பது 105 மில்லிமீட்டர் ராணுவப் பீரங்கி, 2001-இல் வந்தது. ஆரம்பத்தில் வாய்வழியாக மருந்து திணிக்கும் பழைய ரகம்; அதை நிரப்பவே நாலு பேர் வேண்டும். 1979 முதல் 2005 வரை இந்தப் பணியைச் செய்த தாமஸ் மெக்கே என்ற ராணுவ வீரரை ஊரே 'டாம் தி கன்' என்று செல்லமாக அழைத்தது.

பயணிகள் பலர் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதன் காரண காரியம்தான் பெரிதாகப் படுகிறது. இது அரசருக்கு மரியாதை செய்ய வந்த வேட்டு அல்ல. பக்கத்தில் லீத் துறைமுகம் இருக்கிறது. நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்குப் போட, கப்பலில் உள்ள கடிகாரம் துல்லியமாக இருந்தாக வேண்டும். அது 4 நொடி பிசகினால் பூமத்திய ரேகைப் பக்கத்தில் ஒரு கடல் மைல் பிசகும். இருட்டில் பாறை இருக்கும் இடம் ஒரு மைல் தப்பினால் கப்பலும் ஆட்களும் என்ன ஆவார்கள்!

ஊரின் கிழக்கே உள்ள கால்ட்டன் குன்றில், நெல்சன் நினைவுக் கோபுரத்தின் உச்சியில் 1850-களில் ஒரு பெரிய பந்தை ஏற்பாடு செய்தார்கள். சரியாக ஒரு மணிக்கு அது கீழே இறங்கும்; மாலுமிகள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். ஆனால் அந்த ஊர் மூடுபனி லேசுப்பட்டதல்ல. பந்து தெரியாத நாளில் என்ன செய்வது? அதற்குத்தான் பீரங்கி. வானியலாளர் பியாஸி ஸ்மித் முன்னின்று, குன்றிலிருந்து கோட்டைக்கு ஊருக்கு மேலாக நாலாயிரம் அடிக்கும் அதிகமான கம்பியை இழுக்கச் செய்தார். குன்றிலுள்ள வானாய்வுக் கூடக் கடிகாரத்தின் மின்சாரம் அதன் வழியே வந்து பீரங்கியை வெடிக்க வைத்தது. தண்டவாளம் ஓரமாகத் தந்திக் கம்பியைப் பார்த்தே வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் அவ்வளவு நீளக் கம்பியை ஊருக்கு மேலே கட்டியதை நினைத்தால் இன்றும் வியப்புத்தான். இப்போது கம்பி இல்லை. வீரர் கடிகாரம் பார்த்துக் கையால் சுடுகிறார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மூன்றரை, நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லீத்துக்குச் சத்தம் போய்ச்சேரப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகிவிடும். அதைக் கழிக்காவிட்டால் பீரங்கியே கப்பலைத் தவறான வழிக்கு அனுப்பிவிடும். ஆகவே கோட்டையைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைந்து, எந்த இடத்துக்கு எத்தனை நொடி கழிக்க வேண்டும் என்று காட்டும் வரைபடத்தை 1861-லேயே அச்சிட்டார்கள்.

நம் சென்னைக் கோட்டையிலும் ஒரு காலத்தில் நேரம் அறிவிக்கும் பீரங்கி இருந்தது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை நம் நாட்டு ரயில்கள் பல பத்தாண்டுகள் சென்னை நேரப்படிதான் ஓடின. நம் பீரங்கி ஓய்ந்துவிட்டது. எடின்பரோக்காரர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். கைபேசி நேரம் காட்டும் இந்தக் காலத்தில் அது வெறும் வேடிக்கைதான், ஆனாலும் வைத்திருக்கிறார்களே!

பேரப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், ஒரு தடவை கோட்டைக்குள் டிக்கெட் வாங்கிப் பார்த்தால், மறுநாள் கால்ட்டன் குன்றில் ஏறி நில்லுங்கள். அங்கே காசு கிடையாது. புகை தெரிந்ததும் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய நாலு எண்ணுவதற்குள் சத்தம் வந்து சேரும். கோட்டைக்குள் போவதானால் பன்னிரண்டே முக்காலுக்கே இடம் பிடிப்பது நல்லது. சிறு குழந்தைகளின் காதைப் பொத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாட்களில் வேட்டு கிடையாது. ஞாயிறு பார்த்து டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.