பாலும் பால்கோவாவும் நாட்டு வருமானமும்

“மாட்டக் கறந்தா பாலு வரும். நீ படிச்சு முடிச்சா என்னய்யா வரும்?”

செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மாடு வளர்க்கும் என் தந்தையார், நான் கல்லூரியில் சேர்ந்த அன்று கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

நாட்டு வருமானத்தை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்று முதலில் காண்போம். ஒரு பேச்சுக்கு, எங்கள் வீட்டுப் பால் 100 ரூபாய்க்கு விலை போவதாகக் கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதைப் பால்கோவாவாகக் கிண்டி 180 ரூபாய்க்கு விற்கிறார்கள். மதுரைக் கடையில் அதுவே 220 ரூபாய். சில்லறைச் செலவுகளை விட்டுவிடுவோம். மூன்றையும் கூட்டி 500 என்று எழுதினால், பாலின் விலையை மும்முறை எண்ணியவர்களாவோம். ஒவ்வொரு கையும் புதிதாகச் சேர்த்த மதிப்பை மட்டுமே, அதாவது 100, 80, 40 என்று எண்ண வேண்டும். ஆக 220. முதலாவது வேளாண்மை, இரண்டாவது தொழில், மூன்றாவது சேவை.

அந்த 40 ரூபாயில் புதிய பொருள் எதுவும் பிறக்கவில்லை. ஆனால் வண்டி ஓட்டியவரின் உழைப்பும் கடைக்காரரின் உழைப்பும் அதில் அடங்கியுள்ளன. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் விற்ற பணம் சில நொடிகளில் வங்கிக் கணக்கில் சேர்கிறது.

தொழில்நுட்பத்தின் பங்கு என்ன? பாலை 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் கிருமிகள் பெருகும் வேகம் வெகுவாகக் குறைகிறது. வீணாகவிருந்த பால் விலைபொருளாகிறது. அதே மாடு, அதே புல். வருமானம் மட்டும் கூடுகிறது.

இன்று இந்தியாவின் மொத்த மதிப்பில் பாதிக்கும் மேல் சேவைத் துறையிலிருந்தே வருகிறது. வேளாண்மையின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் உழைப்போரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இன்னும் வேளாண்மையையே நம்பியிருக்கிறார்கள். பலர் உழைக்கும் இடத்தில் வருமானம் குறைவு என்பதே இதன் பொருள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையின் பயன் பால் கறக்கும் கைவரை வந்து சேர்ந்தால்தான் வளர்ச்சி முழுமையாகும்.

நண்பர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். நாளை நாம் வங்கியிலோ, ஆய்வுக்கூடத்திலோ, கணிப்பொறி முன்னோ அமரலாம். அங்கே நாம் சேர்க்கும் மதிப்பில் ஒரு பங்கேனும் நாம் புறப்பட்டு வந்த தொழுவத்துக்குத் திரும்ப வேண்டும்.

என் தந்தையாருக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது: “படிச்சா பாலு வராதுப்பா, நம்ம பாலுக்கு நல்ல விலை வரும்.” அதை மெய்ப்பிப்பது இனி என் பொறுப்பு.